ஊற்றுக் குடத்தில் இரண்டு விரல் மண்

மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட் நான் பிறந்து வளர்ந்த ஊர். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. லயத்து வீட்டுக்குப் பின்னால் ஏறும் ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் முனீஸ்வரர் மேடை வரும். ஒரு சூலம், மூன்று கல், மேலே தகரக் கூரை, அவ்வளவுதான் கோயில். பின்னால் மூன்று பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற ஒரு பெராங்கான் மரம். அதன் வேருக்குக் கீழே பாறை இடுக்கிலிருந்து ஊற்று வரும். என் சின்ன வயதில் லயத்துக்கே குடிதண்ணீர் அதுதான்.

அந்த எல்லைக்குள் செருப்புப் போடக் கூடாது. பச்சை மரத்தில் பாராங் கத்தி வைக்கக் கூடாது. தண்ணீர்ப் பக்கம் எச்சில் துப்பக் கூடாது. உச்சிப் பொழுதில் தனியாகப் போகக் கூடாது. ஏன் என்று கேட்டால் பாட்டி ஒரே பதில்தான் சொல்வார்: “முனி அடிச்சிடும்.” ஓர் ஏக்கருக்கும் குறைவான காடுதான். சுற்றியிருந்த மலையெல்லாம் முதலில் தேயிலையாகவும் பிறகு காய்கறித் தோட்டமாகவும் மாறியபோதும் அந்தத் துண்டு மட்டும் தப்பித்து நின்றது. காவல்காரர் யாரும் கிடையாது, வேலி கூட வெறும் நான்கு கல்தான். பயபக்தி ஒன்றே அதைக் காப்பாற்றியது.

ஆனால் நான்கு கல்லுக்கு வெளியே என்ன செய்தாலும் முனி கேட்கமாட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நடந்துகொண்டோம். நானும்தான்.

2008-ல் சொந்தமாகக் காய்கறி போட ஆரம்பித்தேன். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது இங்கே பெரும்பாலோருக்கு இருந்தது போலவே எனக்கும் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிம நிலம்தான், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். அடுத்த வருஷம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் படிக்கட்டு வெட்டுவார்கள், யார் மரம் வைப்பார்கள்? கிடைத்தவரை எடுத்துவிடலாம் என்றுதான் மனசு போகும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. மலையில் விவசாயம் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கிறவர்கள் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் விவசாயியை மட்டும் திட்டுவதால் பயன் இல்லை.

2012-ல் கோபிஸ் (முட்டைக்கோஸ்) நல்ல விலைக்குப் போனது. இன்னும் அரை ஏக்கர் இருந்தால் நல்லது என்று தோன்றியது. மேடைக்கு மேலே இருந்த சரிவில் எஸ்கவேட்டர் இறக்கினேன். செங்குத்தான சரிவு அது. இந்த நாட்டில் 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலத்தில் பயிர் செய்யக் கூடாது என்ற வரையறை இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மேடை எல்லைக்கு வெளியே என்பதால் மட்டும் மனசாட்சி உறுத்தவில்லை. இரண்டு நாளில் வேலை முடிந்தது. மேல்மண்ணோடு புதரும் மூங்கிலும் பெரணியும் பள்ளத்துக்குள் போயின.

அடுத்த ஆண்டு ஐப்பசி. இங்கே அக்டோபர், நவம்பரில் மழை கடுமையாக இருக்கும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அணை நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகள் சேற்றில் புதைந்தன. சுல்தான் அபு பாக்கார் அணை 1963-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கம் ரிங்லெட்டில் எங்கள் கண்ணெதிரே இருக்கிறது. சிறுவயதில் பச்சையாகப் பார்த்த தண்ணீர், நான் பெரியவனான பிறகு பெரும்பாலும் பழுப்புதான். மண்ணும் குப்பையும் சேரச் சேரத் தண்ணீர் நிற்க இடம் குறையும். அப்படி ஒரு பெருமழை வரும்போது திறந்துவிடுவதைத் தவிர வழி இருக்காது. மறுநாள் சேறு அள்ளப் போனவர்களில் நானும் ஒருவன். மண்வெட்டியில் வந்த சேறு எந்தெந்த மலையிலிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என் அரை ஏக்கரும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும் என்ற நினைப்பு அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

அடுத்த வாரம் தீபாவளிக்கு முன் மேடையில் படையல். பூசாரித் தாத்தா வழக்கம்போல ஊற்றில் பித்தளைக் குடத்தை வைத்தார். வந்தது தே தாரிக் நிறத்தில் தண்ணீர். அவர் அபிஷேகத்தைத் தொடங்கவில்லை. குடத்தைக் கல் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். யாரும் பேசவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். பிறகு தெளிந்த தண்ணீரை மெதுவாக வேறு பாத்திரத்தில் சாய்த்துவிட்டுக் குடத்தைச் சாய்த்து எங்களுக்குக் காட்டினார். அடியில் மஞ்சள் சேறு. இரண்டு விரலை நட்டு அளந்தார், இரண்டு விரல் கனம்.

“தம்பி, இது உன் தோட்டத்து மண்ணு. எடுத்துக்கிட்டுப் போ,” என்றார். கோபமே இல்லை குரலில். ஒரு வாழையிலையில் வழித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் என் மனைவி அதைப் பார்த்து, “இதை எங்கே போடப் போறீங்க?” என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் பிறகு நடந்ததெல்லாம்.

முதலில் நான் மட்டும் என் நிலத்தில் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

மேல் சரிவை விட்டுவிட்டேன். மீதி நிலத்தில் பாத்திகளின் திசையை மாற்றினேன். முன்பெல்லாம் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்று பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாகப் போடுவோம். அதைவிட மண்ணைக் கடத்தச் சிறந்த வழி இல்லை. சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் பாத்தி போட வேண்டும். மட்டம் பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. ஓர் ஆள் உயர மூங்கில் இரண்டை உச்சியில் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்குக் கட்டை வையுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு முளைகளை அடித்து அவற்றின் மேல் நிறுத்தி, நூல் குறுக்குக் கட்டையைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டம். நூல் அங்கே நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனால் மலையின் மட்டக்கோடு கிடைத்துவிடும். என் மகன் பத்து வயதில் இதை என்னைவிட வேகமாகச் செய்தான்.

அந்தக் கோட்டில் வெட்டிவேரும் செரையும் (எலுமிச்சைப் புல்) நட்டேன். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், பயிரோடு போட்டி போடாது. ஒரு சாண் இடைவெளி கூட அதிகம், நெருக்கி நட வேண்டும். இடையில் ஒரு செடி செத்தாலும் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒன்றுசேர்ந்து பாய்ந்து பக்கத்துச் செடிகளையும் பெயர்த்துவிடும். செரை இந்தக் குளிரில் மெதுவாகத்தான் வளரும், ஆனால் சமையலுக்கு வெட்டி விற்கலாம் என்பதால் ஆட்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் பிளாஸ்டிக் கொட்டகை. இதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. கொட்டகை போட்டால் மழை பயிரில் படாது, மண் அரிக்காது என்று நினைக்கிறோம். கூரையில் விழுந்த தண்ணீர் எங்கே போகும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 20 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள கொட்டகை 1,000 சதுர மீட்டர். அதன் மேல் ஒரே மாலையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 50,000 லிட்டர். முன்பு நிலம் முழுக்க ஊறிய தண்ணீர், இப்போது கூரை ஓரத்தில் மட்டும் கொட்டி, மண்ணைக் கத்தி போல வெட்டிக்கொண்டு போகும். ஓரம் முழுக்கப் பீலி வைத்துத் தொட்டியில் சேர்ப்பதும், மிஞ்சியதைக் கல் பாவிய வாய்க்காலில் இறக்குவதும் கொட்டகைச் செலவிலேயே சேர வேண்டும். முதலில் கொட்டகை, பீலி அப்புறம் பார்க்கலாம் என்றால் அந்த அப்புறம் வராது. எனக்கு மூன்று வருஷம் வரவில்லை.

வாய்க்கால் முடிகிற இடத்தில் மண்குழி வெட்டினேன். ஒரே பெரிய குழி வேண்டாம், மூன்று சின்னக் குழி அடுத்தடுத்து. முதலில் மணல் தங்கும், இரண்டாவதில் மெல்லிய மண், மூன்றாவதைத் தாண்டும்போது தண்ணீர் ஓரளவு வெளுத்திருக்கும். பாதி நிரம்பியதும் அள்ள வேண்டும். முழுக்க நிரம்பிய குழி ஒரு மழையில் தன்னிடம் உள்ளதையும் சேர்த்து அனுப்பிவிடும். அள்ளிய மண்ணில் நாம் காசு கொடுத்து வாங்கிய பஜா உரமும் இருக்கிறது, மேல் பாத்திக்கே திரும்பப் போகட்டும். பூசாரி கொடுத்த மண் இருக்கிறதே, அதைத்தான் முதலில் போட்டேன்.

இதெல்லாம் செய்தும் ஊற்று தெளியவில்லை. பக்கத்தில் இன்னும் ஆறேழு தோட்டங்கள் இருக்கின்றனவே. 2014 நவம்பரில் ரிங்லெட்டை மறுபடியும் சேற்று வெள்ளம் அடித்தது, மறுபடியும் உயிர்ச்சேதம். ஒருவன் மட்டும் செய்து தீருகிற காரியம் இல்லை இது என்று அப்போது தெரிந்தது.

கூட்டம் போட்டோம். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து மலாயில் பேசினார், படம் காட்டினார். வந்தவர்கள் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, மீஹூன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுவாரம் ஓடையில் அதே சேறு. பேசியவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் “நாளைக்குக் காலையில் யார், எந்தக் குழியை அள்ளுவது” என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வழி கிடைத்தது கோயில் கமிட்டியில். திருவிழாவுக்கு உபயப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். முதல் நாள் உபயம் இன்னார் குடும்பம், இரண்டாம் நாள் இன்னார். உபயம் என்றால் எங்கள் ஆட்கள் கடன் வாங்கியாவது செய்துவிடுவார்கள், விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தன் நாளை வேறொருவர் செய்துவிட்டால் அது குடும்பத்துக்கே குறை. கமிட்டியில் ஓர் அக்கா, தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நாற்பது வருஷம் வேலைக்குப் பேர் கொடுத்தவர், “அண்ணே, அந்தக் குழி அள்ளுறதையும் உபயத்துல எழுதிடுங்களேன்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்கே எழுதினோம். ஓடையில் நான்கு மண்குழி, பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஒரு குடும்பம். அள்ளி முடித்ததும் அந்தக் குடும்பத்தின் பெயரில் மேடையில் ஒரு தேங்காய் உடைக்கப்படும். பெயர்களைத் திருவிழாப் பலகையிலேயே எழுதினோம்.

முதல் ஆண்டு இரண்டு மாதம் தவறியது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்து தவறவில்லை. கூலி கொடுத்து ஆள் வைத்து அள்ளலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று பூசாரி உறுதியாக நின்றார், அது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. தன் கையால் அள்ளுகிறவனுக்குத்தான் இந்த மாதம் மண் கூடியிருக்கிறது, மேலே யாரோ புதிதாக வெட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

நம்பிக்கை என்பது எங்களிடம் மட்டும் இல்லை. ஓடையின் அக்கரையில் சீன விவசாயி ஒருவர், என் அப்பா வயது, நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அவர் நிலத்து ஓரத்தில் ஒரு மரத்தடியில் சிவப்பு வண்ணம் அடித்த சின்ன நாத்து கோங் மாடம். மண்ணுக்குரிய டத்தோ தெய்வத்துக்குத் தினமும் ஊதுவத்தி வைப்பார், பன்றி இறைச்சி படைக்க மாட்டார். அந்த மரத்தையும் இத்தனை வருஷம் யாரும் தொட்டதில்லை. உபயப் பலகையைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஏன் மாதம் இல்லை?” என்று கேட்டார். சீனப் புத்தாண்டு முடிந்த மாதத்தைக் கொடுத்தோம்.

ஓடைக்குக் கீழே செமாய் பழங்குடி மக்களின் கம்போங் ஒன்று. அங்கிருந்து பெரியவர் ஒருவர் பழக்கம். பாஹ் என்று அழைப்போம், செமாய் மக்கள் ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல். காட்டில் மிருகங்களைக் கேலி செய்தால் இடியும் புயலும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை, குழந்தைகளைக் கூடக் கண்டிப்பார்கள். ஒருநாள் அவர் என்னைக் கூட்டிப்போய் அவர்கள் தண்ணீர்க் குழாயைக் காட்டினார். ஓடையில் மேட்டிலிருந்து கருப்புக் குழாய் போட்டுத் தானாக இறங்கும் தண்ணீர்தான் அவர்களுக்கு. குழாய் முனையில் கட்டியிருந்த துணியைக் கழற்றிப் பிழிந்தார், சேறு வழிந்தது. மழைக்காலத்தில் தினமும் அந்தத் துணியை அலச வேண்டுமாம். இதைச் சொல்ல அவர் ஒருமுறை கூட எங்கள் தோட்டத்துக்கு வந்ததில்லை. எங்கள் மண்ணைத்தான் குடிக்கிறார்கள் என்று தெரிந்தும் இத்தனை வருஷம் சிரித்துப் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வாய் பேச வரவில்லை.

கைவிட்ட அந்த அரை ஏக்கரில் காட்டு மரம் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நான் முதலில் கடையில் வாங்கிய கன்றுகளை நட்டுப் பாதிக்கு மேல் சாகக் கொடுத்திருந்தேன். “உங்கள் முனி மரத்துக்கே பிள்ளை இருக்கிறதே,” என்று மலாயில் சொல்லி மேடைக்குக் கூட்டிப்போனார். பெராங்கான் கொட்டை முள் ஓட்டுக்குள் இருக்கும், சுட்டுத் தின்றால் ருசி. கீழே விழுந்ததும் எடுத்து உடனே விதைக்க வேண்டும், காய்ந்தால் முளைக்காது. அதோடு தாய்மரத்தடி மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துப் பையில் கலக்கச் சொன்னார். அந்த மண்ணில் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சணம் இருக்கிறது, அது இல்லாமல் இந்த வகை மரம் தேறுவது கஷ்டம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அணிலும் காட்டுப்பன்றியும் தோண்டித் தின்னாமல் மேலே கம்பிவலை போட வேண்டும். ஓர் ஆண்டு நிழலில், பிறகு மெல்ல மெல்ல வெயிலில் பழக்கி, மழை தொடங்கும்போது நட வேண்டும். நட்டபிறகு இரண்டு மூன்று வருஷம் லாலாங் புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவது ஒரு நாள் வேலை, படம் எடுக்க நிறையப் பேர் வருவார்கள். லாலாங் வெட்டத்தான் ஆள் வேண்டும். 2001-லிருந்து கேமரன் மலையில் இயங்கும் ரீச் போன்ற சுற்றுச்சூழல் அமைப்புகளோடு சேர விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது: நடும் நாளைவிட, களை எடுக்கும் நாளில் போய் நில்லுங்கள்.

ஓடைக் கரையையும் விட்டுக்கொடுத்தோம். ஐந்து மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்கு இரு பக்கமும் 5 மீட்டர் விட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. ஆளுக்கு இரண்டு பாத்தி போயிற்று. வருமானத்தில் அது தெரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு தவறுகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, எங்கள் தோட்டங்களில் உண்மையில் மண்வெட்டி பிடிப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தம்பிகள். மருந்து அடிப்பவர்களும் அவர்கள்தான். அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் நாங்கள் கூப்பிடவில்லை. முதலாளிக்கு எல்லாம் தெரிந்து என்ன பயன், காலி மருந்துப் புட்டியை ஓடையில் அலசுகிற கைக்குத் தெரியாவிட்டால்? இப்போது புட்டியை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, புட்டியில் ஓட்டை போட்டு மூட்டையில் கட்டி வைக்கும் வேலையை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோழி எருவும் அப்படித்தான். பச்சையாகப் போட்டால் ஈ மொய்த்து ஊரே நாறும். மரத்தூளும் காய்ந்த லாலாங்கும் கலந்து, மூடிப் போட்டு, உள்ளே கை வைக்க முடியாத சூடு வந்து ஆறும்வரை புரட்ட வேண்டும் என்பதை எனக்குப் புரியும்படி செய்துகாட்டியவர் ஒரு நேப்பாளத் தம்பி.

இன்னொன்று கோயில் பக்கம் நடந்தது. கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மேடையை மண்டபமாகக் கட்டலாம், கார் நிறுத்தச் சிமென்ட் தரை போடலாம் என்று பேச்சு வந்தது. பெராங்கான் மரத்துப் பக்கக் கிளைகளையும் சில மரங்களையும் எடுத்தால் போதும் என்றார்கள். பக்தியால் சொன்னதுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பாராங் வைக்கக் கூடாது என்ற இடத்தில் எஸ்கவேட்டரை நாமே கூட்டி வந்தால் முனிக்கு என்ன மிச்சம் இருக்கும்? இரண்டு கூட்டம் சண்டையாகவே முடிந்தது. சில உறவுகள் இன்னும் சரியாகவில்லை. கடைசியில் கூரைத் தகரத்தை மட்டும் மாற்றினோம். படையலில் பிளாஸ்டிக் தட்டு நின்றது, ஆடு அறுக்கும் இடம் ஓடையிலிருந்து தள்ளிப் போனது.

பூசாரித் தாத்தா இப்போது இல்லை. அவர் மகன் மேடையைப் பார்த்துக்கொள்கிறார். குடத்தைக் கல் மேல் வைத்துத் தெளியவிடும் பழக்கம் மட்டும் படையலில் ஒரு சடங்காகவே நின்றுவிட்டது. போன ஐப்பசியில் அடியில் அரிசி கனத்துக்குத்தான் மண் இருந்தது. பெருமழைக்கு மறுநாள் வந்து பார்த்தால் இன்னும் கலங்கல்தான். எல்லைக்கு மேலே, எங்கள் பட்டியலுக்கு வராத இரண்டு தோட்டங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய் வருகிறேன். ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார், இன்னொருவர் கதவைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் எங்கள் குடும்பத்து மாதம் மார்கழி. மூன்றாவது குழியின் கல் ஒன்று சரிந்திருக்கிறது, மழைக்கு முன் எடுத்துக் கட்ட வேண்டும்.